வளவு திறந்துதானே இருக்கிறது என்று ஜெனரேட்டரை அங்கே வைத்துவிடாதீர்கள்

வாசகர் கேள்வி:

ஐயா, வணக்கம். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். அப்பச்சியும் ஆத்தாவும் பள்ளத்தூரில் எங்கள் பழைய வீட்டில் இருக்கிறார்கள். அப்பச்சிக்கு 80 வயது முடிந்துவிட்டது. நுரையீரல் நோய்க்காக இரவில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தருகிற மின்கருவி) வைக்கிறோம். நிமிடத்துக்கு 2 லிட்டர். போன ஐப்பசி மழையில் ஒரு நாள் இரவு எட்டு மணிக்குப் போன மின்சாரம் விடியும்வரை வரவில்லை. அன்று பட்ட பாடு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஜெனரேட்டர் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டோம். கடைக்காரர் 15 கே.வி.ஏ. மூன்று பேஸ் டீசல் ஜெனரேட்டர்தான் இந்த வீட்டுக்குச் சரிவரும் என்கிறார். மைத்துனரோ, சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் போதும், இரண்டாம் கட்டு வளவுப் பத்தியில் (நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில்) வைத்தால் நனையாது, புகையும் மேலே போய்விடும் என்கிறார். வீட்டில் 1.5 எச்.பி. சிங்கிள் பேஸ் சப்மெர்சிபிள் மோட்டார், அப்பச்சி அறையில் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏ.சி., ஃபிரிட்ஜ், பத்துப் பன்னிரண்டு விளக்குகள், நாலைந்து மின்விசிறிகள் இருக்கின்றன. வருகிற தையில் சதாபிஷேகம். இருநூறு பேர் வருவார்கள். எதை வாங்குவது, எங்கே வைப்பது?

பதில்:

கடைக்காரர் சொன்ன அளவைப் பற்றிப் பிறகு பேசலாம். உங்கள் மைத்துனர் சொன்ன இடத்தைப் பற்றி முதலில் பேசியாக வேண்டும். வளவில் ஜெனரேட்டர் கூடாது. ஒரு மணி நேரத்துக்குக்கூடக் கூடாது.

வளவு மேலே திறந்திருப்பது உண்மைதான். ஆனால் நான்கு பக்கமும் பத்தி, பத்தியை ஒட்டி அறைகள். வெயில் நாளில் அறைக்குள் காற்று வருவதே வளவு வழியாகத்தான். மேலிருந்து இறங்கும் காற்று சுற்றிச் சுழன்று அறைகளுக்குள் போக வேண்டும் என்றே நம் முன்னோர் அந்த வீட்டைக் கட்டினார்கள். அங்கே புகையை விட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும். ஜெனரேட்டர் புகையில் கண்ணை எரிக்கிற பகுதி பெரிய ஆபத்து இல்லை. எரிச்சல் தாங்காமல் நாமே எழுந்து போய்விடுவோம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும்.

சில ஆண்டுகளுக்கு முன் தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டுக்கு வயரிங் பார்க்கப் போயிருந்தேன். அன்று மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணியிலிருந்து மின்தடை. இரண்டாம் கட்டுப் பத்தியில் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளறையில் படுத்திருந்த ஆச்சி தலை கனக்கிறது என்றார். சற்று நேரத்தில் வாந்தி எடுத்தார். பித்தம் என்று சொல்லி மருமகள் சுக்குத் தண்ணீர் போடப் போனார். அந்த மருமகளுக்கும் தலைவலி என்று கேள்விப்பட்டதும்தான் எனக்குச் சுரீர் என்றது. ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்தி, ஆச்சியைத் தூக்கி முகப்புத் திண்ணைக்குக் கொண்டு வந்தோம். மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்த பிறகு தேறினார். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் அதைப் பித்தம் என்று நினைக்காதீர்கள்.

உங்கள் வீட்டுக்கு இது இன்னும் முக்கியம். அப்பச்சியின் விரலில் மாட்டிப் பார்க்கிற ஆக்சிமீட்டர் வைத்திருப்பீர்கள். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினை அந்தக் கருவியால் பிரித்து அறிய முடியாது. அதையும் ஆக்சிஜன் என்றே எண்ணிக்கொண்டு 97, 98 என்று காட்டும். எண் நன்றாக இருக்கிறது என்று ஆத்தா நிம்மதியாக இருக்கும்போதே அப்பச்சிக்கு மூச்சு குறைந்துகொண்டிருக்கும்.

‘சைலன்ட்’ மாடலாக வாங்கினால் உள்ளே வைக்கலாமே என்று அடுத்து யாராவது சொல்வார்கள். சைலன்ட் என்பது சத்தத்தை அடக்கும் பெட்டி மட்டும்தான். புகை அப்படியேதான் வரும்.

சரி, எங்கே வைப்பது? செட்டிநாட்டு வீடுகளில் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். உங்கள் வீடும் அப்படி இருந்தால் மூன்றாம் கட்டைத் தாண்டி, பின்வாசலுக்கு வெளியே உங்கள் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். எந்தக் கதவு, சன்னலில் இருந்தும் 20 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். அந்த 20 அடி உங்கள் வீட்டுச் சன்னலுக்கு மட்டுமல்ல, பின்தெருவில் எதிர்வீட்டுச் சன்னலுக்கும்தான். ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும், மழைக்காலத்தில் வடகிழக்கு. எந்தப் பக்கம் புகைக்குழாயைத் திருப்பினாலும் ஆண்டில் சில மாதம் அது உங்களைப் பார்த்துத்தான் இருக்கும். அதனால் நிலையாக வைக்கிற டீசல் ஜெனரேட்டருக்குப் புகைக்குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோய் விடுங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இதற்கு ஒரு கணக்கு தந்திருக்கிறது: கே.வி.ஏ. அளவின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கினால் வருகிற மீட்டர் அளவுக்கு, குழாய் கட்டடத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். 7.5 கே.வி.ஏ.வுக்கு அது ஏறக்குறைய அரை மீட்டர். குழாய் கொதிக்கும்; காய்ந்து கிடக்கிற பர்மா தேக்கு உத்தரத்தையோ கீற்றுக் கொட்டகையையோ உரசிக்கொண்டு போகக் கூடாது.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் அதை வைக்காதீர்கள். வெளியே தனியாக, தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குக் கான்கிரீட் மேடை போட்டு, ரப்பர் தாங்கிகள் வைத்து அதன் மேல் நிறுத்துங்கள். மேடை வீட்டுச் சுவரைத் தொடக் கூடாது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு தலைமுறை தலைமுறையாக நிற்கும். ஆனால் தினமும் அதிர்ந்தால் முதலில் மயிரிழை விரிசல் வரும், பிறகு தகடு தகடாகப் பெயரும். அப்படிப் பெயர்ந்ததைப் பழையபடி பூச இன்று கொத்தனார் கிடைப்பது எளிதல்ல.

இனி வாங்குவதற்கு வருவோம். நீங்கள் வாங்க வேண்டிய முதல் பொருள் ஜெனரேட்டர் இல்லை.

இரவு இரண்டு மணிக்கு மழை கொட்டும்போது மின்சாரம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆத்தா டார்ச் எடுத்துக்கொண்டு மூன்று கட்டுகளையும் தாண்டி, தாழ்ப்பாளைத் தள்ளி, நனைந்துகொண்டே போய் ஜெனரேட்டரைக் கிளப்ப முடியுமா? தானாகக் கிளம்புகிற பேனல் போடலாம் என்பார்கள். அதற்கும் ஸ்டார்ட்டிங் பேட்டரி உயிரோடு இருக்க வேண்டும், டீசல் இருக்க வேண்டும், எலி வயரைக் கடித்திருக்கக் கூடாது. அப்பச்சியின் மூச்சை அதை மட்டும் நம்பி விட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே முதலில் ஆக்சிஜன் சிலிண்டர். ‘பி’ வகைச் சிலிண்டரில் 1,500 லிட்டர் வரை ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் பன்னிரண்டு மணி நேரம் வரும். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு இரண்டு சிலிண்டர் வாங்கி, ஒன்றில் ரெகுலேட்டரும் ஃப்ளோ மீட்டரும் மாட்டியே வையுங்கள். திறக்கிற சாவியைக் கயிற்றில் கோத்துச் சிலிண்டரின் கழுத்திலேயே கட்டிவிடுங்கள். அவசரத்தில் சிலிண்டர் இருக்கும், சாவி அடுப்படியில் இருக்கும். இதை நான் பார்த்திருக்கிறேன். சாமி விளக்கு எரிகிற இடத்துக்குப் பக்கத்தில் சிலிண்டர் வேண்டாம்.

இரண்டாவது, இன்வெர்ட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர்வரை தருகிற கான்சன்ட்ரேட்டர் ஏறக்குறைய 350 வாட் எடுக்கும். ஒரு மின்விசிறியும் ஒரு விளக்கும் சேர்த்தால் 430 வாட். 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரி ஒன்றில் காகிதக் கணக்குப்படி 1.8 யூனிட் இருக்கும். கையில் கிடைப்பது 1.1, 1.2 யூனிட்தான். இரண்டு பேட்டரி போட்டால் ஐந்து மணி நேரம். உங்களுக்கு நேர்ந்தது எட்டு மணியிலிருந்து விடியும்வரை. ஆகவே 48 வோல்ட் இன்வெர்ட்டரும் நான்கு பேட்டரிகளும் போடுங்கள். பத்து மணி நேரம் தாங்கும். மின்விசிறியை 30 வாட் எடுக்கிற பி.எல்.டி.சி. வகையாக மாற்றினால் இன்னும் கொஞ்சம் கூடும். இன்வெர்ட்டர் ‘ப்யூர் சைன் வேவ்’ வகையாக இருப்பது கட்டாயம். விலை குறைந்த ‘ஸ்கொயர் வேவ்’ வகையில் கான்சன்ட்ரேட்டரின் கம்ப்ரசர் சூடேறிக் கெடும். பேட்டரிகள் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும் என்பதால் பூட்டிய பெட்டக அறையில் வைக்காமல் பத்தியில் காற்றோட்டமாக வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை டிஸ்டில்டு வாட்டர் அளவு பார்க்க வேண்டும். பக்கத்திலேயே காரைக்குடியில் 1953-லிருந்து மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பேட்டரி ஆராய்ச்சியில் நாட்டுக்கே பெயர் சொல்கிற இடம். அந்த ஊரைச் சுற்றியுள்ள நம் வீடுகளில் தண்ணீர் வற்றிப்போன பேட்டரிகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

இந்த இரண்டும் இருந்தால் இரவில் யாரும் வெளியே போக வேண்டாம். ஜெனரேட்டர் பகல் வேலைக்கு மட்டும்: தண்ணீர் ஏற்ற, பேட்டரியை மறுபடி நிரப்ப, நீண்ட மின்தடையில் ஏ.சி. ஓட்ட.

அப்படிப் பார்த்தால் 15 கே.வி.ஏ. உங்களுக்கு அதிகம். பெரியதாக வாங்கினால் தப்பில்லையே என்று தோன்றும். டீசல் எஞ்சினுக்கு அது தப்புதான். 15 கே.வி.ஏ. என்றால் 12 கிலோவாட். அதில் முப்பது சதவீதத்துக்குக் கீழே நீண்ட நேரம் ஓடினால் எஞ்சினுக்குள் போதிய சூடு ஏறாது; டீசல் முழுதாக எரியாமல் சைலன்சரில் கறுப்புப் பிசினாக வடியும். உங்கள் வீட்டில் மோட்டாரும் ஏ.சி.யும் இல்லாத நேரத்தில் மொத்தமே 1 கிலோவாட்தான் ஓடும். பாரமே இல்லாமல் ஓடி ஓடி அந்த எஞ்சின் சீக்கிரம் பழுதாகும்.

அளவைத் தீர்மானிப்பது மோட்டார். 1.5 எச்.பி. சப்மெர்சிபிள் ஓடும்போது 9, 10 ஆம்பியர் எடுக்கும். கிளம்புகிற அந்த ஒரு நொடியில் நான்கு மடங்கு, அதாவது 40 ஆம்பியர்வரை இழுக்கும். 5 கே.வி.ஏ. ஜெனரேட்டரின் முழு அளவே 22 ஆம்பியர்தான். மோட்டாரைப் போட்டதும் விளக்குகள் மங்கும், எஞ்சின் திணறும், சில நேரம் நின்றே போகும். 7.5 கே.வி.ஏ.வில் 32 ஆம்பியர் கிடைக்கும். ஒரு நொடிக்கு 40-ஐத் தாங்கிக்கொள்ளும். ஆகவே 7.5 கே.வி.ஏ., சிங்கிள் பேஸ், டீசல், 1,500 ஆர்.பி.எம். வாங்குங்கள். கிளப்பியதும் முதலில் மோட்டாரைத் தனியாகப் போட்டு, அது சீராக ஓடிய பிறகு மற்றவற்றைப் போட வேண்டும். இதை ஒரு அட்டையில் தமிழில் எழுதிச் சுவிட்சுக்கு மேலே ஒட்டிவிடுங்கள். வேலைக்கு வருகிறவர் மாறினாலும் அட்டை இருக்கும்.

பெட்ரோல் ஜெனரேட்டரை நான் ஏன் சொல்லவில்லை என்றால், அது 3,000 ஆர்.பி.எம்.மில் ஓடித் தேயும். மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் பெட்ரோல் பிசுபிசுத்துக் கார்புரேட்டரை அடைக்கும். எப்போதோ ஒரு முறை தேவைப்படுகிற வீட்டில் அந்த ஒரு முறையில்தான் கிளம்பாது.

2023 ஜூலை முதல் டீசல் ஜெனரேட்டர்களுக்குக் கடுமையான புதிய புகை விதிகள் வந்திருக்கின்றன. பழைய இருப்பைத் தள்ளுபடியில் தருகிறேன் என்றால், எஞ்சின் தகட்டில் தயாரித்த மாதத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். சத்தம் பெட்டியிலிருந்து ஒரு மீட்டரில் 75 டெசிபெலுக்குள் இருக்க வேண்டும் என்பதும் விதி. சின்ன டீசல் ஜெனரேட்டரில் ஒரு லிட்டருக்கு இரண்டரை, மூன்று யூனிட்தான் வரும். டீசல் லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலும் யூனிட் 30 ரூபாய்க்கு மேல் விழும். அதனால் தேவைக்கு மட்டும் ஓட்டுங்கள்.

இணைப்பு கொடுப்பதில்தான் பிறர் உயிரும் அடங்கியிருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து புதுக்கோட்டை வழியாக நம் பக்கம் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பல ஊர்களில் நாள்கணக்கில் இருட்டு. ஜெனரேட்டரை வாடகைக்குக் கொண்டுவந்துதான் மேல்நிலைத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். அந்த நாள்களில் ஒரு வீட்டில், இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய வயர் ஒன்றைப் பார்த்தேன். ஒரு முனை ஜெனரேட்டரில், மறுமுனை சுவரில் உள்ள பவர் சாக்கெட்டில். மெயின் சுவிட்சை இறக்கக்கூட இல்லை. வெளியே தெருமுனைக் கம்பத்தில் வெளிமாவட்டத்திலிருந்து உதவிக்கு வந்த மின்வாரிய ஊழியர் ஏறிக்கொண்டிருந்தார். வீட்டு ஜெனரேட்டரின் 230 வோல்ட் மெயின் வழியாகத் தெருவுக்குப் போனால், டிரான்ஸ்பார்மர் அதைத் தலைகீழாக ஏற்றி, 11,000 வோல்ட் லைன் பக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக அனுப்பும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி அந்த மனிதர் கை வைப்பார். நான் கத்திய கத்தலில் அந்த வீட்டுக்காரர் வயரைப் பிடுங்கிவிட்டார்.

ஆகவே சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கட்டாயம். மேலே தள்ளினால் மின்வாரியம், கீழே தள்ளினால் ஜெனரேட்டர், நடுவில் இரண்டும் இல்லை. உங்கள் வீட்டுக்கு மூன்று பேஸ் இணைப்பு இருக்கலாம். மூன்று பேஸையும் ஒன்றாகச் சேர்த்து இந்த ஜெனரேட்டரில் கட்டித் தருகிறேன் என்று சொல்கிற வயர்மேனை வேண்டாம் என்று அனுப்பிவிடுங்கள். அவசரத்துக்கு வேண்டியவற்றை மட்டும் தனி டி.பி. பெட்டியில் (மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பிரித்து, அதற்கு இரண்டு போல் சேஞ்ச்ஓவர் போட வேண்டும். பேஸோடு நியூட்ரலும் சேர்ந்து மாற வேண்டும்.

அந்த டி.பி.க்குப் புது வயர்தான். பழைய தேக்குக் கேசிங்கின் மூடியைக் கழற்றிப் பாருங்கள்: துணி சுற்றிய ரப்பர் வயர் இருக்கும். விரலால் தொட்டால் ரப்பர் சீப்புச் சீடைபோல நொறுங்கி, உள்ளே செம்பு பச்சை பூத்துத் தெரியும். இரண்டு கம்பிதான், எர்த் கிடையாது. கேசிங் அழகாக இருக்கிறது, கெடுக்க வேண்டாம் என்றால், அதே தேக்குப் பட்டைக்குள் புதிய வயரை இழுக்கலாம். பொறுமையான ஆள் வேண்டும்.

எர்த் பற்றிக் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். நம் பக்கம் செம்புறாங்கல் பூமி; சித்திரை, வைகாசியில் காய்ந்தால் மின்சாரத்தை வாங்காது. பத்தடி ஆழத்துக்குக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, மேலே தண்ணீர் ஊற்ற வாய் வைத்து, எர்த் டெஸ்டரால் அளந்து 5 ஓமுக்குள் இருக்கிறதா என்று கோடையில் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். ஜெனரேட்டரின் உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் வேண்டும். அதன் நியூட்ரலும் எர்த்தோடு சேர்ந்திருக்க வேண்டும், சேராவிட்டால் டி.பி.யில் போடுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கிற சுவிட்ச்) ஜெனரேட்டர் ஓடும்போது மட்டும் வேலை செய்யாது. வேலை முடிந்ததும் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கையில் வயர்மேனே டெஸ்ட் லேம்ப்பை ஒரு பாயின்ட்டின் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் வைத்து, ஆர்.சி.சி.பி. விழுவதை உங்கள் கண் முன்னால் காட்ட வேண்டும். காட்டிய பிறகு பணம் கொடுங்கள்.

சோலார் போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் யாராவது சொல்வார்கள். மானியத்தோடு வருகிற, மின்வாரிய லைனோடு இணைந்த கூரைச் சோலார், மின்சாரம் போனதும் தானாக நின்றுவிடும். லைன்மேன் பாதுகாப்புக்காக அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். மின்கட்டணம் குறையும், மின்தடைக்கு உதவாது.

சதாபிஷேகத்துக்கு என்று பெரிய ஜெனரேட்டர் வாங்காதீர்கள். வண்டியில் வருகிற வாடகை ஜெனரேட்டர் போதும். அதையும் தெருவில், பந்தலிலிருந்து தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள்.

வீடு பங்காளிகளுக்குப் பொதுவானது என்றால், மேடை போடுவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிச் சம்மதம் வாங்கிவிடுங்கள். மூடிக் கிடக்கிற பங்கு அறைகளும் திருவிழாவுக்குத் திறக்கும். அப்போது அந்தச் சன்னலுக்கு நேராகப் புகைக்குழாய் இருந்தால் மனவருத்தம் வரும். மின்வாரியப் பிரிவு அலுவலகத்திலும் ஜெனரேட்டர் வைப்பதை எழுத்தில் கொடுத்து, உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரை வைத்தே வேலையை முடியுங்கள்.

வைத்த பிறகு மாதம் ஒரு நாள் அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். சும்மா ஓட்டினால் பயனில்லை; மோட்டாரையும் ஏ.சி.யையும் போட்டு ஓட்ட வேண்டும். ஸ்டார்ட்டிங் பேட்டரிக்குச் சின்ன சார்ஜர் ஒன்று எப்போதும் மாட்டியிருக்கட்டும். வீட்டு ஜெனரேட்டர்கள் கிளம்பாமல் போவதற்குப் பெரும்பாலும் அந்த பேட்டரிதான் காரணம். முதல் 50 மணி நேரத்தில் ஆயில் மாற்றுங்கள், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவது.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நல்ல வயர்மேன் ஒருவரை அழைத்து, மாலை ஏழு மணிக்கு எல்லாம் ஓடுகிறபோது மெயின் வயரில் டாங் டெஸ்டர் (வயரைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கருவி) வைத்து ஆம்பியர் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மோட்டாரை மட்டும் போட்டு, கிளம்பும்போது முள் எதுவரை போகிறது, ஓடும்போது எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நான் சொன்னவை உங்கள் கடிதத்தை வைத்துப் போட்ட கணக்கு. மோட்டார் பழையது என்றால் எண் கூடலாம். அந்த மூன்று எண்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். கடைக்காரரிடம் முன்பணம் கொடுப்பதை அதுவரை தள்ளி வையுங்கள். சிலிண்டரை மட்டும் நாளைக்கே வாங்கிவிடுங்கள்.